பிளாக்குக்கு ஓர் இன்டென்ட்

“ரொம்பச் சுலபம் அண்ணி. சின்னக் குழந்தைகூடக் கத்துக்கும்.”

கொழுந்தன் இதைச் சொன்னபோது அவள் அவித்த முட்டைக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தது. யாராவது ஒன்றைச் சுலபம் என்று சொன்னால் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வரும். அச்சகத்தில் கம்போசிங் பிரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியே அவள் உருவத்துக்குக் குழிந்துவிட்டது. அத்தனை காலத்தில் அவள் கண்ட ஒரே உண்மை, சுலபம் என்று சொல்கிறவர் அந்த வேலையைத் தாமே செய்யப்போவதில்லை என்பதுதான்.

குழந்தை வேறு. அந்த வீட்டில் குழந்தை என்று யாரும் இல்லை. இருந்தது அவள், வயரிங் வேலை செய்யும் அவள் புருஷன், அப்புறம் அவன் தம்பியான இந்த நிபுணர். நிபுணர் என்பது அவள் கேலியாக வைத்த பெயரல்ல. அவனே வைத்துக்கொண்டது. ஏதோ ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் கணினி முன் உட்கார்ந்தான். உங்கள் திறமைக்கு இந்த இடம் போதாது என்று அவர்கள் மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய மேஜைக்கு இடம் விட்டு அவளுடைய தையல் மிஷின் சமையலறைக்குப் போனது. அதன்மேல் இப்போது வெங்காயக் கூடை இருக்கிறது.

முன்னறையில் உட்கார்ந்து நிபுணர் ஒரு புத்தகம் எழுதினான். ‘குழந்தைக்கும் கைவரும் பைத்தான்.’

“பாம்புப் பேரை வெச்சுட்டுக் குழந்தைக்குக் குடுக்கறியேடா” என்றான் அண்ணன்காரன்.

“அது கணினி மொழிண்ணா. உலகத்துலயே சுலபமான மொழி.”

“கடிக்காதுல்ல?”

தம்பி சிரிக்கவில்லை. நிபுணர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அதே சமயத்தில் அச்சக முதலாளி எங்கோ ஓர் இயந்திரக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். அங்கிருந்து ஒரு துணிப்பை நிறையப் பளபள தாள்களும் ‘ஆட்டோமேஷன்’ என்ற ஒரு சொல்லும் கொண்டுவந்தார். புதுப் பல்செட் மாட்டியவர் நாக்கால் தடவித் தடவிப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லை நாளெல்லாம் வாயில் போட்டு உருட்டினார். இனிமேல் பக்கங்களை மனுஷர்கள் அடுக்க வேண்டாமாம், எழுதிவைத்த புரோகிராம் அடுக்குமாம். அதை எழுதத் தெரிந்தவர்கள் இருக்கலாம், தெரியாதவர்கள் வீட்டில் இருக்கலாம்.

இப்படி இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சேர்த்துவைத்த பாவம் அவளைத்தான் சேரும். “என் கொழுந்தன் இதுல ஏதோ புத்தகம் எழுதியிருக்கார் சார்” என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். புத்தகத்தை முதலாளியே போடுவது, மத்தியானங்களில் ஆட்களுக்கு நிபுணர் பாடம் எடுப்பது, கடைசியில் டெஸ்ட் என்று ஒரே டீயில் எல்லாம் முடிவானது.

புத்தகத்தைக் கம்போஸ் செய்தது அவள்தான். நிபுணர் கொடுத்த பிரதியில் வாசகம் ஒழுங்காகத்தான் இருந்தது. நடுநடுவே வந்த புரோகிராம்கள்தான் கண்ணை உறுத்தின. ஒரு வரி ஓரத்தில் ஆரம்பித்தால் அடுத்தது நாலெழுத்து உள்ளே. அதற்கடுத்தது இன்னும் உள்ளே. பிறகு திடீரென்று ஓரத்துக்கே வந்து நிற்கும்.

ப்ரூஃப் பார்க்கிற அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தாள்.

“என்னடி இது, குடிச்சவன் நடந்த மாதிரி? உள்ள போறான், வெளிய வர்றான்.”

“அப்படித்தான் குடுத்திருக்கார்க்கா.”

“அவரு எழுதறவரு. அவருக்கு ஓரம் தெரியுமா, ஒழுங்கு தெரியுமா? நம்ம அச்சகத்துல இருந்து இப்படி ஒரு பக்கம் வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?”

“ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?”

“ப்ரூஃப் அவருக்குத்தானே போகுது. தப்புன்னா சொல்லப்போறாரு.”

அக்கா மார்ஜினில் மேலிருந்து கீழாகச் சிவப்பில் ஒரு கோடு இழுத்து ‘நேராக்கு’ என்று எழுதினாள். கம்போசிங் மேஜையில் இவள் எல்லா வரிகளையும் ஓரத்துக்கு இழுத்துச் சிப்பாய்கள்போல நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் ஒரு வீட்டைப் பெருக்கி முடித்த திருப்தி.

நிபுணர் ப்ரூஃபை வாங்கிப்போய்ச் சாவகாசமாகப் பார்த்தான். பின்னட்டையை மட்டும். தாடையில் கைவைத்துப் பல்வலிக்காரன்போல அவன் யோசிக்கும் படம் அதில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னான். மற்றப் பக்கங்களில் எல்லாம் ‘சரி’ என்று அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

பாடம் பைண்டிங் பிரிவில் நடந்தது. வெயில் காலம். தகரக் கூரைக்குக் கீழே, பசை வாசனைக்கும் வெட்டுத்தாள் குப்பைக்கும் நடுவே, எப்போதோ கழித்துப்போட்ட கணினிகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றின் முன்னால் அவள், அக்கா, பைண்டர், மெஷின்மேன். பைண்டர் விரலில் காய்ந்த பசை இருந்தது. மெஷின்மேன் நகக்கண்ணில் கறுப்பு மை, சோப்புக்கும் போகாது. சாவியைத் தட்டினால் சாவியில் ஒட்டியது.

“இது மனுஷன் பேசற மாதிரியே பேசற மொழி” என்று நிபுணர் கையை விரித்தான். “இஃப்னா ‘அப்படின்னா’. எல்ஸ்னா ‘இல்லாட்டி’. அவ்வளவுதான். வீட்ல பேசற மாதிரி பேசுங்க, அது கேக்கும்.”

“எங்க வீட்ல பேசற மாதிரி பேசினா ஒண்ணும் கேக்காது சார்” என்றான் மெஷின்மேன்.

முதல் புரோகிராம் அச்சகத்துக்கென்றே செய்தது. பக்க எண் இரட்டை என்றால் ‘இடம்’ என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ‘வலம்’. நிபுணர் தன் மடிக்கணினியில் முன்பே எழுதி வைத்திருந்ததை ஒரே தட்டில் ஓடவிட்டான். எறும்பளவு எழுத்தில் ‘இடம்’ வந்தது.

“பாத்தீங்களா? புத்தகத்தப் பாத்து அப்படியே அடிங்க.”

அப்படியே அடித்தார்கள். அச்சகத்துக்காரர்களுக்குப் பார்த்தபடி அடிப்பதில் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி பிசகவில்லை. ஓடவிட்டால் சிவப்பில் ஒரு வரி ஆங்கிலம் வந்தது. யாராவது கையைத் தூக்கினால் நிபுணரின் செல்போன் அடிக்கும். அடிக்காவிட்டாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போவான். திரும்பி வந்து, “மனப்பாடம் பண்ணாதீங்க, மனசால உணருங்க” என்பான்.

அந்தச் சிவப்பு வரியை மெஷின்மேன்தான் எழுத்துக்கூட்டினான். “எக்ஸ்பெக்டட்… ஆன்… இன்டென்டட்… பிளாக்.”

“எதிர்பாக்குதாம்” என்றான் பைண்டர். “என்னத்த?”

“அதான் தெளிவாச் சொல்லுதே. பிளாக்க எதிர்பாக்குது. இன்டென்ட் போட்ட பிளாக்.”

நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அச்சகத்தில் இன்டென்ட் என்றால் ஒன்றுதான்: ஸ்டோரிலிருந்து தாளோ மையோ வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்கும் சீட்டு. பிளாக் என்றால் அந்தக் காலத்தில் படம் அச்சடிக்க மரத்தில் அறைந்து வைத்திருந்த உலோகத் தகடு. இதைவிடப் பச்சையாக ஓர் இயந்திரம் எப்படிப் பேசும்? மெஷின்மேன் எழுந்துபோய் ‘பிளாக், ஒன்று, அவசரம்’ என்று சீட்டு எழுதி ஸ்டோர்க்காரரிடம் நீட்டினான்.

ஸ்டோர்க்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிளாக்கெல்லாம் எடைக்குப் போட்டு எவ்வளவு நாளாச்சு. யாரு கேட்டது?”

“கம்ப்யூட்டரு.”

“அதுக்கு எதுக்குய்யா பிளாக்கு?”

“அது கேக்குது, நான் எழுதறேன். குடுக்கறதுன்னா குடு, இல்லேன்னா இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். நாளைக்கு யாரும் குறைசொல்லக் கூடாதில்லையா?

டெஸ்ட் அன்றைக்கு முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அதே இடம்-வலம் புரோகிராம்தான். நான்கு திரையிலும் அதே சிவப்பு வரி. மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

“புத்தகத்துல இருக்கறத எழுத்துக்கு எழுத்து அடிச்சிருக்கேன். ரெண்டு தடவை ஒப்பிட்டும் பாத்துட்டேன். ஓடலைன்னா புத்தகம் தப்பு.”

முதலாளி நிபுணரைப் பார்த்தார். நிபுணர் கூரையைப் பார்த்தான்.

“நான் போட்ட புத்தகம் தப்பா?” என்றார் முதலாளி. “ ஏம்மா ப்ரூஃப், வயசானா மூளை மழுங்கும், அது இயற்கை. வாய் ஏன் நீளுது? டெஸ்ட்ல தோத்தாச்சு. நாளையிலிருந்து வர வேண்டாம். மத்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தர்றேன்.”

அக்கா மேஜையறையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். கம்போசிங் மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பல காலம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தி தப்பை இன்னொருத்தி பிடித்து, ஒரே டீயைப் பங்குபோட்டவர்கள். எதிர் நாற்காலி இப்போது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக் கணினியில் அவள் ஒரு பள்ளிக்கூட ஆண்டுமலரைக் கம்போஸ் செய்துகொண்டிருந்தாள். வேலையில் மனம் ஒட்டவில்லை. அக்காவுக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். ‘பாரா தள்றது’ என்பார்கள் அச்சகத்தில். கை தானாகப் பட்டியலைத் திறந்து ஒரு சொல்லை அழுத்தியது.

அழுத்திய சொல் இன்டென்ட்.

தினமும் அழுத்துகிற சொல். ஒருநாளும் வாசித்ததில்லை. வீட்டு வாசற்படியின் நிறம் என்ன என்று கேட்டால் திகைக்கிறோமே, அந்த மாதிரி. சுட்டியை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே தகரத்தில் மழை கொட்டியது.

பிறகு, வீட்டில் பழகிப் பார்க்க அடித்துவைத்திருந்த இடம்-வலம் புரோகிராமைத் திறந்தாள். இஃப் வரிக்கு அடுத்த வரியை நாலெழுத்து உள்ளே தள்ளினாள். எல்ஸுக்கு அடுத்ததையும். ஓடவிட்டாள்.

‘இடம்’ என்றது.

எண்ணை மாற்றினாள். ‘வலம்’ என்றது. சொன்னபடி கேட்கிற பிராணிதான். பாவம், இத்தனை நாள் வாய்விட்டுக் கத்தியிருக்கிறது, வரியைத் தள்ளு, வரியைத் தள்ளு என்று. இவர்கள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த கணம் அந்தக் குடிகார நடையும் சிவப்புக் கோடும் தான் ஓரத்துக்கு இழுத்துக் கட்டிய வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்து சிரிப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, உருளைக்கிழங்கு வறுவல். அவள் தட்டில் கைவைக்கவில்லை.

“தம்பி, உங்க புத்தகத்துல வரியெல்லாம் ஓரமா நிக்குது. உள்ள தள்ளினாத்தான் ஓடுது. நான்தான் தெரியாம நேராக்கிட்டேன்.”

நிபுணர் உருளைக்கிழங்கை மென்றபடியே சொன்னான். “தெரியும் அண்ணி.”

“என்னது?”

“தெரியும். விடுங்க, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல.”

அவனுடைய பெருந்தன்மை அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

“எப்பத் தெரியும்?”

“புத்தகக் கட்டுப் பிரிச்ச அன்னிக்கே. உள்ள புரட்டினதும் பக்னு ஆச்சு. ஆனா முதலாளி தோள்ல கையப் போட்டுட்டு நிக்கறாரு, ‘எப்படி இருக்கு நம்ம புத்தகம்’ங்கறாரு. அவ்வளவு பிரதி அடிச்சு அடுக்கியாச்சு. அப்பப் போய் எப்படிச் சொல்றது? அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்னு…”

“டெஸ்ட் அன்னிக்குத் தெரியும். அக்கா புத்தகம் தப்புன்னு சொன்னப்பத் தெரியும்.”

“ஒரு ஆசிரியருக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல அண்ணி.”

“அடுத்த பதிப்புல திருத்துவே. அக்கா எந்தப் பதிப்புலடா திரும்பி வருவா?”

‘டா’ விழுந்ததும் வீடு நின்றது. இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் அவனைத் தம்பி என்றும் நீங்கள் என்றும்தான் சொல்லி வந்திருக்கிறாள். புருஷன் சோற்றுக் கையை உயர்த்தினான்.

“ஏய், வார்த்தைய அளந்து பேசு. நேராக்கினது யாரு? நீயும் அந்தம்மாவும். நீங்க பண்ணின தப்புக்கு அவன் என்ன பண்ணுவான்?”

“நான்தான் நேராக்கினேன். இல்லைங்கல. தெரியாமப் பண்ணினேன். நீங்க வயரிங் பண்றவருதானே, நீங்களே சொல்லுங்க. தெரியாமத் தப்பா ஒரு வயர மாட்டிட்டான் ஒருத்தன். அது தப்பா இருக்குன்னு தெரிஞ்சும், ‘போய்த் தொடு, சுலபம்தான், குழந்தைகூடத் தொடும்’னு நாலு பேர அனுப்பறான் இன்னொருத்தன். ரெண்டு பேரும் ஒண்ணா?”

அந்தக் கேள்விக்குப் புருஷனின் தொழிலில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தான். அப்படி அவன் தம்பியைப் பார்த்து அவள் கண்டதில்லை.

“சரி சரி” என்றான் நிபுணர், கையைக் கழுவிக்கொண்டு. “நாளைக்கு நானே சொல்லிடறேன். என் விதத்துல.”

அந்த ‘என் விதத்துல’தான் அவளுக்கு உறுத்தியது.

உறுத்தியது வீண்போகவில்லை. மறுநாள் இரண்டாம் டெஸ்ட். முதலாளி அதே கோட்டில் வந்து உட்கார்ந்ததும் நிபுணர் தொண்டையைச் செருமினான்.

“தொடங்கறதுக்கு முன்னால ஒரு சிறு குறிப்பு. கம்போசிங்ல நடந்த கவனக்குறைவால புத்தகத்துல ஒருசில இடங்கள்ல வரி தள்ளறது விட்டுப்போயிருக்கு. கூர்மையான மாணவர்கள் இத ஏற்கெனவே உணர்ந்திருப்பீங்க.”

“கம்போசிங்!” என்று முதலாளி திரும்பினார். “உன் வேலையா இது?”

அவள் எழுந்தாள்.

“என் வேலைதான் சார். ஒருசில இடம் இல்ல, எல்லா இடமும். கோடு போட்டது அக்கா. நேராக்கினது நான். படிக்காம ‘சரி’ போட்டது இவரு. அச்சாகி வந்த அன்னிக்கே தப்புன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டதும் இவருதான். நேத்துச் சாப்பிடும்போது இவர் வாயாலயே சொன்னாரு.”

“அண்ணி, வீட்டு விஷயத்த இங்க…”

“வேலை போனது வீட்டு விஷயமாடா?” பக்கத்துத் திரைகளைக் காட்டினாள். “இஃப்புக்கு அடுத்த வரிய உள்ள தள்ளுங்க. எல்ஸுக்கு அடுத்ததையும். பாரா தள்ற மாதிரி. தள்ளிட்டு ஓடவிடுங்க.”

மெஷின்மேன் கறுப்பு விரலால் தள்ளினான். பைண்டர் பசை விரலால் தள்ளினான். ‘இடம்’ என்றது ஒன்று. ‘வலம்’ என்றது இன்னொன்று.

“அடப்பாவி” என்றான் பைண்டர், கணினியைப் பார்த்தல்ல.

முதலாளி முகத்தில் வெளிச்சம் வந்தது. முதலாளிகளின் முகத்தில் எந்தச் செய்திக்கும் வெளிச்சம் வரும், அதில் தமக்கொரு பங்கு தெரிந்துவிட்டால் போதும். “பிரமாதம்! எல்லாரும் பாஸ். பயிற்சி வெற்றி. நான் சொன்னேன்ல, நம்ம ஆளுங்களால முடியும்னு?” எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அக்கா?” என்றாள் அவள்.

“யாரு, அந்த ப்ரூஃபா? அது முடிஞ்சுபோன விஷயம்.”

“அவங்க அடிச்சதும் இதேதான். புத்தகம் தப்புன்னு சொன்னாங்க. புத்தகம் தப்புதான்.”

“சொன்ன விதம்னு ஒண்ணு இருக்கில்லம்மா. வாய் ஜாஸ்தி.”

“வாய் ஜாஸ்தின்னு அனுப்பலையே சார் நீங்க. டெஸ்ட்ல தோத்ததா எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. மூளை மழுங்கிடுச்சுன்னு சொன்னீங்க.”

மெஷின்மேன் எழுந்து மிஷினுக்குப் போகாமல், ஒரு பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைக்கத் துடைக்க மை பரவியது. அவன் நிறுத்துவதாக இல்லை. கம்போசிங் மேஜையில், அக்கா போன நாளிலிருந்து யாரும் தொடாத ப்ரூஃப் கட்டுகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றன. முதலாளி அவற்றைப் பார்த்தார். ஆண்டுமலருக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“சரி, எனக்குப் பெரிய மனசு. போன் போட்டு வரச் சொல்லு.”

“நான் போட மாட்டேன். போகச் சொன்னது நீங்க. எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. வரச் சொல்றதும் அப்படித்தான்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி நானும் கிளம்பறேன். இந்த ப்ரூஃப் கட்டெல்லாம் இவர் பாப்பாரு. ‘சரி’ போடறதுல கெட்டிக்காரரு.”

நிபுணர் செல்போனை எடுத்துக் காதில் வைத்தான். அது அடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

முதலாளி சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. வேறு வழியின்றித் தம்முடைய போனை எடுத்தார். வேலைக்காரர் ஒருவருக்குத் தாமே போன் செய்வது அவருக்குப் பழக்கமில்லாததால் வேடிக்கை பார்க்க வந்து நின்ற ஸ்டோர்க்காரர் எண்ணைச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், தாம் பேசுவது நாலு பேருக்குக் கேட்க வேண்டுமென்று. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா எடுக்க மாட்டாளோ என்று அவள் மணியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அக்கா எடுத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

“யாரு?”

“நான்தாம்மா பேசறேன்.”

“நான்தாம்மான்னா யாரு?”

முதலாளி கோட்டின் மேல்பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

“முதலாளி பேசறேம்மா.”

குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல நிதானமாக அக்காவின் குரல் வந்தது. தகரக் கூரை முழுக்கக் கேட்டது.

“எந்த முதலாளி?”